கதவின் பின்பக்கம்

ஹிராசே கோட்டையின் பெரிய கூடத்தில்
பிரபுவின் இடப்பக்கம் நான்கு கதவுகள்,
சிவப்புப் பட்டுக் குஞ்சங்கள் தொங்கும்.
அலங்காரம் என்று நினைப்பார்கள் வந்தவர்கள்.
அதற்குப் பின்னால் இரண்டு பாய் அகலத்து இருட்டு.
அதில் இருந்தேன், பதினோரு வருடம்,
கன்னோஜோ என்கிற நான்,
முழங்கால் மடித்து, மடியில் வாளோடு.

இருமக்கூடாது. தும்மக்கூடாது.
வயிறு சத்தம் போடுமென்று
காலைக் கஞ்சியோடு சரி.
கட்டளை ஒன்றுதான்:
பிரபு விசிறியைக் கீழே போட்டால்
கதவை உதைத்து வெளியே பாய வேண்டும்.
ஒரே ஒருமுறை விழுந்தது.
கோடை. கை வியர்த்திருக்கும்.
நான் பாதி எழுவதற்குள்
யாரோ சிரித்து எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.
மறுபடி உட்கார்ந்தபோது
கணுக்கால் நெடுநேரம் நடுங்கியது.

நடைக்கூடத்துப் பலகைகள் மிதித்தால் கீச்சிடும்.
வரி குறைக்கச் சொல்லிக் கெஞ்ச வருகிற கால்,
பெண் கொடுக்க வருகிற கால்,
பொய்யைச் சுமந்து மெல்ல வருகிற கால்,
எல்லாம் எனக்கு அத்துப்படி.
முகம் ஒன்றையும் கண்டதில்லை.

வாசலில் ஒவ்வொருவனும் ஒரு கணம் நின்று
மூச்சை உள்ளே இழுப்பான்.
“என்ன தங்கம்!” என்பான் ஒருவன்.
“அம்மாடி, புலிகள்!” என்பான் இன்னொருவன்.
வடக்கிலிருந்து வந்த தூதன் ஒன்றும் சொல்லவில்லை,
பாய் உரச
ஒரு சாண் பின்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.

எனக்கு வாய்த்தது வெறும் தேவதாருப் பலகை.
ஒரு கணு, அதைச் சுற்றி ஓடும் எட்டு ரேகைகள்.
மழைக்காலத்தில் சுண்ணச் சுவர் வியர்த்து
அதில் குழைத்த கடற்பாசியின் வாடை எழும்.
தூக்கம் தள்ளினால்
நெற்றியைப் பலகையில் சாய்த்துக்கொள்வேன்.

புலிகளை வரைந்த சொகாகு
புலியைக் கண்டதே இல்லையாம்.
கொரியாவிலிருந்து வந்த தோல் ஒன்று,
சமையற்கட்டுப் பூனை ஒன்று,
இரண்டையும் வைத்து ஒப்பேற்றினாராம்.
சிறுத்தைத் தோலும் கிடைக்கவே,
இது பெண்புலி போலும் என்று
ஜோடி சேர்த்துவிட்டாராம்.
சமையற்காரன் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
என் மடியில் இருந்த வாளும்
போரைக் காணாதவன் வாள்தான்.

பிறகு ஒரு வசந்தத்தில்
இனிப் பிரபுக்களே இல்லையென்று
தோக்கியோவிலிருந்து காகிதம் வந்தது.
கோட்டை ஏலம் போயிற்று.
எடுத்தவன் குரோபெய், பழைய இரும்பு வியாபாரி.
ஓடு இத்தனை, ஆணி இத்தனை என்று
மணிச்சட்டத்தைத் தட்டியபடி வந்தான்.
பலகைகள் கீச்சிட்டன. பயமறியாத கால்.
குஞ்சத்தைப் பிடித்து இழுத்தான்.
வெளிச்சம்.

அன்றும் உள்ளேதான் இருந்தேன்.
போகலாம் என்று எவரும் என்னிடம் சொல்லவில்லை.
என்னைக் கண்ட பதற்றத்தில்
மணிச்சட்டத்தைக் கீழே போட்டான்.
விசிறி இல்லை அது.
இருந்தும் எழுந்தேன்.

தங்க மேகத்தின் கீழ், மூங்கில்களுக்கு நடுவே
பதினான்கு புலிகள்.
கீற்றாய்க் குறுகிய பூனைக் கருமணி.
ஒன்று குட்டியைக் கவ்வியிருக்கிறது,
ஒன்று ஓடையில் வாய் வைத்திருக்கிறது.
அத்தனையும்,
தண்ணீர் குடிப்பதுகூடத் தலையைத் திருப்பி,
என் கதவையே பார்க்கின்றன.

ஆள் எங்கே இருப்பான் என்று
வரைந்தவருக்குத் தெரிந்திருக்கிறது.
வாசலில் மூச்சை இழுத்தவர்களுக்கும்.
ஊரறிந்த ரகசியத்துக்குள் உட்கார்ந்து
பதினோரு வருடம்
தும்மலை அடக்கியிருக்கிறேன்.

“தாளை எரித்தால் சாம்பலில் தங்கம் நிற்கும்,”
என்றான் குரோபெய்.
கதவின் முன்பக்கத்துப் பைன் மரத்தை
நகத்தால் சுரண்டி உரித்தான்.
பலகையைத் திருப்பினான்.
உட்கார்ந்தவன் தலை உயரத்தில்
உள்ளங்கை அகலத்துக்கு
எண்ணெய் ஏறிக் கறுத்த ஒரு வட்டம்.
“இது என்ன, நிலாவா?”
நெற்றியைத் தடவிக்கொண்டேன்.
விலை கேட்டேன்.
“பின்பக்கத்துக்கு ஏது விலை? விறகு. கொண்டு போ.”

முதுகில் கட்டிக்கொண்டு நடந்தேன்.
நடைக்கூடத்தில்
என் காலும் கீச்சிட்டது.
அது எப்படிப்பட்ட கால் என்று
கேட்டுச் சொல்ல
உள்ளே ஆள் இல்லை.